பட்டறைப் பையனின் குரல்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, மறைந்த ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். விஸ்வேஸ்வரய்யாவையும் கலாமையும் சீனியர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நான் யோசிக்காமல் என்ரிகோ கரூஸோ என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஏதோ ஃபுட்பால் ஆட்டக்காரர் என்று நினைத்திருப்பார்கள் போலும்.

இல்லை. அவர் பாட்டுக்காரர், இத்தாலிக்காரர். ஆப்பரா என்னும் இசை நாடகத்தில் பாடியவர். 1873ல் பிறந்து 1921ல் மறைந்தவர். ஒரு இன்ஜினியரிங் காலேஜ் மலரில் இவருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். இவரும் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை பழகியவர். அதுமட்டுமில்லை, உலகத்திலேயே முதல்முதலாக இன்ஜினியர்கள் கையில் தன் தொண்டையை நம்பி ஒப்படைத்த பெரிய பாடகர்களில் ஒருவர்.

நான் அவரைச் சந்தித்ததே நம் காலேஜ் லைப்ரரியில்தான். நான் இசிஇ மாணவன். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தபோது, எங்கள் டிஎஸ்பி சார் பழைய ஐஈஈஈ வால்யூம்களில் 1975ஐப் புரட்டச் சொன்னார். தூசி தட்டி எடுத்தேன். தாமஸ் ஸ்டாக்ஹாம் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை. பழைய கிராமபோன் தட்டுகளில் அமுங்கிக் கிடந்த ஒரு பாடகரின் குரலைக் கம்ப்யூட்டரால் மீட்டெடுத்த விவரம் அதில் இருந்தது. அந்தக் குரல் கரூஸோவுடையது.

அதுவரைக்கும் ஆப்பரா என்றால் எனக்கு டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூனில் வருவதுதான். குண்டாக ஒருவர் நின்று கத்துவார், கண்ணாடி டம்ளர் உடையும். ப்ராஜெக்டுக்காக வேறு வழியில்லாமல் ஹாஸ்டல் ரூமில் அவருடைய பதிவு ஒன்றைப் போட்டேன். பாலியாச்சி என்ற ஆப்பராவில் வரும் பாட்டு. பெயரைக் கேட்டதும் என் ரூம்மேட், யாருடா பலியாச்சின்னு கேட்டான். விஷயம் தெரியாமலே அவன் கதையின் முடிவைச் சொல்லிவிட்டான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கரூஸோ பிறந்தது இத்தாலியின் தெற்கே நேப்பிள்ஸ் நகரில், 1873 பிப்ரவரி 25 அன்று, ஏழைகள் நெருக்கிப்பிடித்து வாழ்ந்த ஒரு பகுதியில். அப்பா மார்ச்செல்லினோ மெக்கானிக், வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை. தான் பார்த்த தொழிலையே பையனும் பார்க்கவேண்டும், அதுதான் சோறு போடும் என்பது அவருடைய எண்ணம். நம் வீட்டு அப்பாக்களுக்கு இந்த எண்ணம் புதிதில்லையே. பதினொரு வயதிலேயே பையனைத் தெருக்களுக்குக் குடிநீர் ஊற்றுகள் செய்து பொருத்தும் ஒரு இன்ஜினியரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டார். பின்னாளில் உலகப் புகழ் பெற்று ஊருக்கு வந்தபோது, தான் பொருத்த உதவிய ஊற்று ஒன்றைக் காட்டி கரூஸோ பெருமைப்பட்டதுண்டாம்.

அம்மா அன்னாவுக்கு மட்டும் பையன் படிக்கவேண்டும் என்ற ஆசை. அவருடைய பிடிவாதத்தால் ஒரு பாதிரியாரிடம் எழுதப் படிக்கவும் இன்ஜினியரிங் டிராயிங்கும் கற்றுக்கொண்டான். (முதல் வருட டிராயிங் ஹாலில் கண்ணீர் விட்டவர்கள் இந்த இடத்தில் அவனோடு சேர்ந்துகொள்ளலாம்.) அந்த டிராயிங் கை கடைசிவரை போகவில்லை. நியூயார்க்கில் ஒரு இத்தாலியப் பத்திரிகைக்கு அவர் வருடக்கணக்கில் கேலிச்சித்திரம் வரைந்து கொடுத்தார். சர்ச்சில் பாடிய சிறுவனின் குரலை முதலில் நம்பியவரும் அந்த அம்மாதான். 1888ல், பையனுக்குப் பதினைந்து வயதானபோது, அவர் இறந்துபோனார்.

அதன் பிறகு கரூஸோ வயிற்றுக்காகத் தெருவிலும் காப்பிக் கடைகளிலும் பாடினார். கல்யாணத்தில் பாடு, காதலி வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று எனக்காகப் பாடு என்று யார் காசு கொடுத்தாலும் போய்ப் பாடினார். ஒழுங்காகப் பாட்டுக் கற்றுக்கொடுத்த வெர்ஜினே என்ற வாத்தியாருக்கு முதலில் இந்தக் குரலில் நம்பிக்கையே வரவில்லை. குரல் சின்னது, ஜன்னல் இடுக்கில் நுழையும் காற்று மாதிரி இருக்கிறது என்பது அவருடைய கணிப்பு. இருந்தும் ஒரு ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஐந்து வருடப் பாட்டுக்கு வரும்படியில் நாலில் ஒரு பங்கு. ஐந்து வருடம் என்றால் காலண்டர் வருடம் இல்லை, நிஜமாகப் பாடிய நாட்களின் கணக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் ஆயுசுக்கும் கட்டவேண்டியதுதான். கேம்பஸ் இன்டர்வியூவில் பாண்ட் பேப்பரைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட நம் ஆட்களுக்கு இது ஆறுதலாக இருக்கும். கடைசியில் வழக்கு வரை போய், ஒரு தொகை கொடுத்துத்தான் விடுபட்டார்.

1895 மார்ச் 15 அன்று நேப்பிள்ஸில் ஒரு சின்னத் தியேட்டரில் முதல் மேடை. பெரிய வெற்றியெல்லாம் இல்லை. மேல் ஸ்தாயிக்குப் போனால் குரல் உடைந்தது. அப்போது வெளுத்துக் கட்ட ஒரே சட்டைதான் இருந்தது என்றும், அது காய்ந்துகொண்டிருந்ததால் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றார் என்றும் சொல்வார்கள். ஆனால் விடவில்லை. ஊர் ஊராகப் பாடினார். உடைந்த இடத்தை மறுபடி மறுபடி சரிசெய்தார். 1897ல் பூச்சினி என்ற பெரிய இசையமைப்பாளர் இவரை நேரில் பாடவைத்துக் கேட்டு அசந்துபோனார். 1900 டிசம்பர் 26 அன்று மிலன் நகரின் லா ஸ்காலா அரங்கில் ஏறினார். ஆப்பராவுக்கு அதுதான் பெரிய கோவில்.

இந்த இடத்தில் ஆப்பராவைப் பற்றி நாலு வார்த்தை. வசனம் முழுக்கப் பாட்டாகவே வரும் நாடகம் அது. மைக் கிடையாது. அறுபது, எழுபது வாத்தியங்களைத் தாண்டி, கடைசி வரிசைக்காரன் காதுவரை வெறும் தொண்டையால் போய்ச் சேரவேண்டும். நல்ல கதைகள் பெரும்பாலும் துக்கத்தில்தான் முடியும். காச நோயில் ஒருத்தி சாவாள், சந்தேகத்தில் ஒருவன் கொல்வான், மகளைக் காப்பாற்றப் போட்ட திட்டத்திலேயே ஒரு அப்பன் மகளை இழப்பான். இத்தாலியில் தெருவில் போகிறவனுக்கும் இந்தப் பாட்டுகள் தெரியும். ஆனால் கடல் தாண்டிவிட்டால் அது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பரா 1883ல் திறக்கப்பட்டதே, பழைய அரங்கில் பெட்டி இருக்கை கிடைக்காத புதுப் பணக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டதால்தான். அங்கே வைர நகை மின்னிய பால்கனி வரிசைக்கு வைர லாடம் என்றே பெயர். கதையில் சாகிறவர்கள் ஏழைகள், பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்கள் கோடீஸ்வரர்கள். இந்த முரண்பாட்டை உடைத்ததில்தான் கரூஸோவின் பங்கு இருக்கிறது.

லா ஸ்காலாவில் ஜெயித்த கையோடு, 1901 கடைசியில் சொந்த ஊர் நேப்பிள்ஸின் பெரிய அரங்கான சான் கார்லோவில் பாடப் போனார். ஊர்க்காரர்கள் தோளில் தூக்குவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், விமர்சகர்கள் குறை சொன்னார்கள். மனம் உடைந்த கரூஸோ இனி இந்த ஊரில் பாடுவதில்லை என்று முடிவெடுத்தார். கடைசிவரை பாடவில்லை. ஊருக்கு வருவார், சொந்தக்காரர்களைப் பார்ப்பார், வயிறாரச் சாப்பிடுவார், திரும்பிப் போவார். உலகம் முழுக்கக் கேட்ட குரலை நேப்பிள்ஸ் தன் மேடையில் மறுபடி கேட்கவே இல்லை.

இப்போது நம் டிபார்ட்மெண்ட் விஷயத்துக்கு வருகிறேன். 1902 மார்ச்சில் ஃப்ரெட் கைஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் மிலனுக்கு வந்தார். லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஆள். லா ஸ்காலாவில் கரூஸோவைக் கேட்டுவிட்டு, பத்துப் பாட்டுப் பதிவுசெய்ய என்ன கேட்பார் என்று விசாரித்தார். நூறு பவுண்டு என்று பதில் வந்தது. லண்டனுக்குத் தந்தி அடித்தார். அநியாய விலை, வேண்டாம் என்று தலைமை அலுவலகம் மறுத்துவிட்டது. கைஸ்பெர்க் அந்தத் தந்தியைக் கண்டுகொள்ளவில்லை. மேலதிகாரி சொல்வதைக் கேட்காமலிருப்பதும் சில சமயம் இன்ஜினியரின் கடமை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1902 ஏப்ரல் 11, மிலனில் ஒரு ஹோட்டல் ரூம். அதற்கு முந்தைய வருடம் ஆப்பராவின் பிதாமகர் வெர்தி இறந்துபோனதும் அதே ஹோட்டலில்தான். பெட்டிகளின் மேல் பியானோவைத் தூக்கி வைத்திருந்தார்கள். எதிரே ஒரு உலோகப் புனல் தொங்கியது. மைக் இல்லை, ஆம்ப்ளிஃபையர் இல்லை, மின்சாரத்துக்கே வேலை இல்லை. புனலுக்குள் பாடினால் அதன் குறுகிய முனையில் இருக்கும் மெல்லிய தகடு அதிரும். தகட்டோடு ஒட்டிய ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அந்த அதிர்வைக் கோடாகக் கீறும். அவ்வளவுதான் மொத்த சிஸ்டமும். குரலின் பலம் மட்டுமே ஊசியைத் தள்ளவேண்டும். கரூஸோ ஜம்மென்று உடுத்திக்கொண்டு வந்தார், சுமார் இரண்டு மணி நேரத்தில் பத்துப் பாட்டையும் பாடி முடித்தார், பணத்தை வாங்கிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

இந்தப் புனலுக்கு எல்லாக் குரலும் பிடிக்காது. கீழே சுமார் 200 ஹெர்ட்ஸ், மேலே சுமார் 2500 ஹெர்ட்ஸ், அந்த எல்லையைத் தாண்டினால் திணறிவிடும். வயலின் சத்தம் ஏறவே ஏறாது. அதற்காக உலோகக் குழாய் பொருத்திய தனி வயலினே செய்தார்கள். பெண்களின் உச்சக் குரல் கீச்சென்று போய்விடும். ஆனால் கரூஸோவின் குரல் டெனர் என்னும் உயர்ந்த ஆண் குரல், அடியில் கனமும் சேர்ந்தது. அந்த எல்லைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அதுவரை விளையாட்டுச் சாமான் என்று கிராமபோனை ஒதுக்கிய பெரிய பாடகர்கள், கரூஸோவின் தட்டுகளைக் கேட்ட பிறகு வரிசையில் வந்து நின்றார்கள்.

நமக்கும் இதில் ஒரு சொந்தம் இருக்கிறது. அதே கைஸ்பெர்க் அந்த வருடக் கடைசியிலேயே கல்கத்தாவுக்குக் கப்பலேறி வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவுசெய்தார். மிலனில் கரூஸோவைப் பதித்த கைதான் சில மாதங்களில் இந்திய இசைத்தட்டின் கதையையும் தொடங்கிவைத்தது.

1903 நவம்பர் 23 அன்று கரூஸோ நியூயார்க் மெட்ரோபாலிடனில் வெர்தியின் ரிகொலெட்டோவில் அறிமுகமானார். அதற்குப் பிறகு அதுதான் அவருக்கு வீடு மாதிரி. 860க்கும் மேற்பட்ட தடவை அங்கே பாடினார். 1904லிருந்து விக்டர் கம்பெனியோடு இசைத்தட்டு ஒப்பந்தம்.

அன்றைய நியூயார்க்கை நினைத்துப் பாருங்கள். தெற்கு இத்தாலியிலிருந்து பிழைக்கப் போனவர்கள் லட்சக்கணக்கில் அங்கே இருந்தார்கள். சுரங்கப் பாதை தோண்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், துணி தைக்கிறவர்கள். இவர்கள்தான் மெட்ரோபாலிடனில் உட்காரக் காசில்லாமல் பின்னால் நின்று பார்த்தவர்கள். வைர லாடத்துக்காரர்களைவிட முன்னாடி இவர்கள் கைதட்டினார்கள். நிற்பதற்கும் வழியில்லாதவர்களுக்குத் தட்டு இருந்தது. மலிவு என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு பக்கம் மட்டும் பாடும் பெரிய தட்டு 3 டாலர், ஒரு தொழிலாளியின் நாள் கூலிக்கு மேல். ஆறு பெரிய பாடகர்கள் சேர்ந்து 1908ல் பாடிய தட்டு 7 டாலர். ஆனால் ஒரு வீட்டில் வாங்கினால் மாடிப்படி முழுக்கக் கேட்கும். மெட்ரோபாலிடன் டிக்கெட் ஒரு ராத்திரியோடு சரி. தட்டு தேயும்வரை பாடும்.

அதிலும் எல்லோரும் விரும்பி வாங்கியது பாலியாச்சி பாட்டு. லியோன்கவால்லோ எழுதி இசையமைத்து 1892ல் மிலனில் அரங்கேறிய சின்ன ஆப்பரா, ஒன்றேகால் மணி நேரம்தான். ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் ஒரு குழு. தலைவன் கானியோதான் கோமாளி வேஷம் கட்டுகிறவன். ஒரு கிராமத்தில் சாயங்கால நாடகத்துக்குக் கொஞ்ச நேரம் முன்பு, தன் மனைவிக்கு வேறொருவனோடு உறவு இருப்பது தெரிந்துவிடுகிறது. ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். நாடகத்தை நிறுத்த முடியாது. முகத்தில் மாவைப் பூசி, கோமாளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, சிரிக்கவைக்கப் போகவேண்டும். அந்த நேரத்தில் தனியாக நின்று தனக்குத்தானே பாடுகிற பாட்டுதான் இது. அப்புறம் மேடையில் நாடகத்துக்குள் வரும் கதையும் இதே கதை. நடிப்பு எங்கே முடிந்தது, நிஜம் எங்கே ஆரம்பித்தது என்று ஜனங்களுக்குப் புரிவதற்குள் கானியோ மனைவியையும் காதலனையும் எல்லோர் கண்ணெதிரிலும் குத்திக் கொன்றுவிடுகிறான். என் ரூம்மேட் சொன்ன பலி அதுதான்.

இந்தப் பாட்டை கரூஸோ 1902, 1904, 1907 என்று மூன்று முறை பதிவுசெய்தார். பத்து லட்சம் விற்ற முதல் இசைத்தட்டு இதுதான் என்று பலரும் சொல்வதுண்டு. பெரிய தட்டிலேயே நாலு நிமிஷத்தைச் சுற்றித்தான் கொள்ளும். ஒரு முழு சோகக் கதையை அத்தனூண்டு தட்டில் அடைக்க முடியாது என்று அன்றைக்கே ரசிகர்களில் ஒரு சாரார் குறைப்பட்டார்கள். அது கலையைத் துண்டு போட்டு விற்பதில்லையா என்பது நியாயமான கேள்விதான். கதை தெரியாமல் ராகத்தை மட்டும் ரசித்தவர்கள் நிச்சயம் நிறைய பேர்.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ஒரு விஷயத்தை நாலு பேருக்குக் கொண்டுபோக இரண்டு வழி உண்டு. ஒன்று, கனத்தைக் குறைப்பது. இன்னொன்று, தூரத்தைக் குறைப்பது. கரூஸோ பாட்டின் கனத்தைக் குறைக்கவில்லை. மூன்றாயிரம் பேர் முன்னால் அழும் அதே அழுகையை, ஆள் இல்லாத ரூமில் ஒரு தகரப் புனலுக்குள் முகத்தை நுழைத்து முழுசாக அழுதார். ஜனங்களுக்கு இது போதும் என்று எதையும் மிச்சம் பிடிக்கவில்லை. இத்தாலியன் தெரியாதவனுக்கும் இவன் ஏதோ பெரிய துக்கத்தை விழுங்குகிறான் என்று புரிந்தது.

எனக்கு அது புரிந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. மூன்றாம் வருடம் செமஸ்டர் பரீட்சை நேரத்தில் ஒரு ராத்திரி, ஹாஸ்டல் வராந்தாவில் நின்று அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டியா, நாளைக்கு என்ன பேப்பர் என்று வழக்கமான பேச்சுதான். ஒரு வார்த்தைகூட வித்தியாசமாக இல்லை. ஆனால் வைத்தபிறகு எனக்கு உட்கார முடியவில்லை. மறுபடி போன் போட்டு அதட்டிக் கேட்டபோதுதான், அப்பாவை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பது தெரிந்தது. பரீட்சை முடியட்டும் என்று மறைத்திருக்கிறார். போன் லைனில் 300லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும் என்று பாடத்தில் படித்திருந்தேன். மற்றதெல்லாம் வெட்டிப் போய்விடும். வெட்டிப் போகாதது எது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். அடுத்த வருடம் அந்தக் கரகரத்த பதிவைக் கேட்டபோது, மாவு பூசிய முகத்துக்குப் பின்னால் கேட்ட குரல் எனக்குப் புதிதாக இல்லை.

கரூஸோவுக்கும் அந்தப் பாட்டு வெறும் வேஷமாக இருந்துவிடவில்லை. ஆதா ஜாக்கெத்தி என்ற பாடகியோடு பல வருடம் குடும்பம் நடத்தினார், இரண்டு மகன்கள். 1908ல் ஆதா அவரை விட்டுவிட்டு, அவருடைய கார் டிரைவரோடு போய்விட்டார். அதே வருடம் அப்பாவும் இறந்தார். பத்திரிகைகள் வீட்டு விஷயத்தைச் சந்தி சிரிக்க வைத்தன. அதற்குப் பிறகும் அவர் கானியோ வேஷம் கட்டி அதே பாட்டைப் பாடிக்கொண்டுதான் இருந்தார். எப்படிப் பாடினார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். டிக்கெட் வாங்கியவர்கள் காத்திருந்தார்கள், பாடினார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த விடை. 1909ல் தொண்டையில் ஒரு ஆபரேஷனும் நடந்தது.

குற்றம் குறை இல்லாத மனிதர் என்று சொல்லவரவில்லை. சிகரெட்டை விடவே மாட்டார். 1906ல் நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்தார் என்று வழக்காகி, பத்து டாலர் அபராதமும் கட்டினார். அதே வருடம் சான்ஃபிரான்சிஸ்கோ பூகம்பத்தில் ஹோட்டலிலிருந்து உயிர் தப்பி, இனி இந்த ஊர்ப் பக்கமே தலைவைப்பதில்லை என்று கிளம்பிவிட்டார். ஆனால் உடன் பாடுகிறவர்களிடம் தாராளமான மனசு. ஒருமுறை ஃபிலடெல்ஃபியா மேடையில் கூடப் பாடிய கனத்த குரல்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவருடைய பாட்டைச் சபைக்கு முதுகைக் காட்டி நின்று கரூஸோவே கீழ்ஸ்தாயியில் பாடிச் சமாளித்தார் என்பது பிரசித்தம்.

புது டெக்னாலஜி எது வந்தாலும் அவரை வைத்துத்தான் சோதித்தார்கள். 1910 ஜனவரி 13 அன்று லீ டி ஃபாரஸ்ட் மெட்ரோபாலிடன் மேடையில் மைக்குகளை வைத்து, கூரையில் ஏரியலைக் கட்டி, நிகழ்ச்சியை ரேடியோவில் அனுப்பினார். அன்றைக்கு கரூஸோ பாடியதும் பாலியாச்சிதான். டிரான்ஸ்மிட்டர் 500 வாட். துறைமுகக் கப்பல்களிலும் சில ஹோட்டல்களிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டவர்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்கும் பாதி இரைச்சல்தான். டெமோ என்றால் சொதப்பத்தான் செய்யும் என்பது நமக்குத் தெரியாததா? ஆனால் பொதுமக்களுக்கான ரேடியோ ஒலிபரப்பின் ஆரம்பங்களில் அதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். 1918ல் இன்னொரு வேடிக்கை நடந்தது. உலகத்திலேயே பெரிய குரலை வைத்து ஊமைப்படம் எடுத்தார்கள், அதில் இரட்டை வேஷம் வேறு. படம் ஓடவில்லை.

அந்த 1918லேயே டோரதி என்ற இளம் அமெரிக்கப் பெண்ணை மணந்தார். பெண்ணின் அப்பாவுக்குச் சம்மதமில்லை. 1919 டிசம்பரில் குளோரியா என்ற மகள் பிறந்தாள். நிம்மதியான வருடங்கள் என்று எண்ணினால் இரண்டுதான் தேறும்.

தட்டு அவருக்குக் கொடுத்த புகழுக்கு விலையும் உண்டு. ஒவ்வொரு ராத்திரியும் வருகிறவர்கள் வீட்டில் தட்டைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். தட்டில் இருப்பது நாலைந்து முறை பாடித் தேர்ந்தெடுத்த நாலு நிமிஷம். மேடையில் மூன்று மணி நேரம் அந்தத் தரத்தில் நிற்கவேண்டும். தன் குரலோடு தானே போட்டி போட்ட முதல் தலைமுறைப் பாடகர் அவர். புகழ் ஏற ஏற, மேடை ஏறும் முன் பயமும் பதற்றமும் அதிகமானது என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1920 டிசம்பர் தொடக்கத்திலிருந்தே விலாவில் வலி. நரம்பு வலிதான் என்று சொல்லப்பட்டது, அவரும் பாடிக்கொண்டே இருந்தார். டிசம்பர் 11 அன்று புரூக்ளினில் பாடும்போது வாயில் ரத்தம் வந்தது. துண்டு துண்டாகக் கொடுத்துத் துடைத்தபடி முதல் அங்கத்தை முடித்தார். அதற்குமேல் முடியாமல் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். டிசம்பர் 24 அன்று மெட்ரோபாலிடனில் கடைசி முறையாகப் பாடினார். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. பெனிசிலின் வராத காலம். ஆபரேஷன் மேல் ஆபரேஷன். கொஞ்சம் தேறியதும் 1921 மே மாதம் இத்தாலிக்குக் கப்பலேறினார். அங்கே மறுபடி படுத்துவிட்டார். ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை, நேப்பிள்ஸில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் உயிர் பிரிந்தது. வயது 48. மகளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. பாடமாட்டேன் என்று ஒதுங்கிய ஊருக்கே சாக வந்து சேர்ந்தார். இறுதிச் சடங்குக்காக இத்தாலி அரசர் அரச ஆலயத்தைத் திறந்துவிட்டார். ஊரே திரண்டது.

மைக் வைத்துப் பதிவுசெய்யும் முறை 1925ல் வந்தது. நாலே வருடத்தில் தவறவிட்டார். அதனால் அவர் விட்டுப்போன சுமார் 250 பதிவுகளும் அந்தத் தகரப் புனல் வழியாக வந்தவைதான். 1932ல் பழைய தட்டின் மேல் புதிய வாத்தியக் கோஷ்டியை ஏற்றிப் பார்த்தார்கள். அப்புறம்தான் ஸ்டாக்ஹாம். புனலுக்கென்று ஒரு குணம் உண்டு, சில அலைவரிசைகளைத் தூக்கும், சிலதை அமுக்கும். அந்தப் புனல் இன்று நம்மிடம் இல்லை. ஆகவே கரூஸோ பதிவின் சராசரி ஸ்பெக்ட்ரத்தையும், பிற்கால டெனர் ஒருவர் நல்ல மைக்கில் பாடிய பதிவின் சராசரியையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் புனலின் குணம் என்று எடுத்துக்கொண்டு, அதைத் தலைகீழாக்கி வடிகட்டினார்கள். 1976ல் அந்தத் தட்டு வெளிவந்தது. என் ப்ராஜெக்ட் அதன் ஏழைத் தம்பி. வைவாவில் சுமாராகத்தான் போனது, அது வேறு கதை.

பின்னால் வந்தவர்கள் தூரத்தை இன்னும் குறைத்தார்கள். 1931லிருந்து மெட்ரோபாலிடன் ரேடியோவில் வழக்கமாக ஒலித்தது. 1983ல் கனடாவின் டொரன்டோவில் மேடைக்கு மேலே வசனத்தை மொழிபெயர்த்துக் காட்டும் ஏற்பாடு வந்தது. 2006 கடைசியிலிருந்து ஆப்பரா நேரடியாக சினிமா தியேட்டர்களுக்கே போனது. எல்லாவற்றுக்கும் முன்னாடி ஒரு பட்டறைப் பையன் புனலுக்கு முன்னால் நின்றிருந்தான்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆப்பரா நமக்கு ஏறாது என்று ஒதுக்கவேண்டாம். பாலியாச்சியிலிருந்து ஆரம்பியுங்கள். கதையைத்தான் மேலே சொல்லிவிட்டேனே. சப்டைட்டிலோடு ஒன்றேகால் மணி நேரம், நம் சினிமாவில் இன்டர்வெல் வரும் நேரம்தான். பிறகு கரூஸோவின் 1907 பதிவை ஹெட்போனில் கேளுங்கள். முதல் நிமிஷம் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். பொறுங்கள்.

நான் இன்று பார்ப்பதும் ஒலி சம்பந்தப்பட்ட வேலைதான். சின்ன ஸ்பீக்கர், குறைந்த பிட் ரேட், எதை வெட்டலாம், எதை விடலாம் என்று நாள் பூராவும் கணக்கு. ஒவ்வொரு டிசைன் முடிந்ததும் கடைசி டெஸ்டாக அந்தக் கோமாளிப் பாட்டைப் போட்டுக் கேட்பேன். அழுகை வந்து சேர்ந்துவிட்டால் சர்க்யூட் பாஸ். சேரவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து.

இந்தப் பழக்கத்துக்கு வித்திட்ட லைப்ரரியின் தூசி படிந்த ஷெல்ஃபுக்கும், அந்தப் பக்கம் என்னைத் தள்ளிவிட்ட எங்கள் சாருக்கும் இந்தக் கட்டுரை காணிக்கை. சந்திப்புக்கு வரும் நண்பர்கள் பழைய ஹாஸ்டல் வராந்தாவில் என்னைத் தேடுங்கள். ஹெட்போன் கொண்டுவருகிறேன்.

– இசிஇ முன்னாள் மாணவன்